செம்பு விலை இறங்கவில்லை

அவரை எல்லோரும் ஏழரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாடு போகிறவர்கள் எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழரை வாங்கியவர் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயருக்குள் இருக்கும் இன்னொரு அர்த்தம் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அவர் ஒருவர்தான் அதைப் பட்டம் என்று நம்பி வாசல் போர்டில் எழுதி மாட்டியிருந்தார். உண்மையில் அந்த ஏழரை, காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் மட்டும் வந்தது. சொந்தமாக எழுதும் பகுதியில் மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் ஆறைத் தாண்டவில்லை. இது அவருக்கும் அட்மிஷன் மேஜையில் உட்காரும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அவள் இதுவரை வாயைத் திறந்ததில்லை. ஆனால் திறக்கத் தெரியாதவள் இல்லை என்பதை அவர் மறக்காத மாதிரி அவ்வப்போது ஒரு பார்வை பார்ப்பாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன் அறையில் அவள் மேஜையும் ஜெராக்ஸ் மிஷினும். உள் அறையில் கரும்பலகையும் ஆறு பெஞ்சும். கீழே காற்றடிக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் மேலே பலகை அதிரும், மாஸ்டர் குரலை ஏற்றுவார். மோட்டார் நின்ற பிறகும் குரலை இறக்க மறந்துவிடுவார்.

அவருடைய புகழுக்கெல்லாம் காரணம் ஒரு 'அச்சு'. பரீட்சையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, அதில் இருப்பதை நூற்றைம்பது வார்த்தையில் விவரிக்கச் சொல்வார்கள். அதற்கு மாஸ்டர் பதினாலு ஆங்கில வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஓட்டைகள். ஓட்டையில் பொருளின் பெயரையும் மாதத்தையும் எண்ணையும் போட்டு அடைத்தால் பதில் ரெடி. கோடு மெதுவாக ஏறினால் 'ரோஸ்' போட வேண்டும். எகிறினால் 'ஸ்கைராக்கெட்டட்'. இறங்கினால் 'ஃபெல்'. தலைகுப்புற விழுந்தால் 'ப்ளம்மெட்டட்'. மேலும் கீழும் ஆடினால் 'ஃப்ளக்சுவேட்டட்'. இதையெல்லாம் அவர் உடம்பாலேயே நடத்திக் காட்டுவார். ப்ளம்மெட்டட் என்றால் நின்ற இடத்திலேயே தொப்பென்று குந்துவார். முட்டி வலிக்கு ஒரு மாதம் தைலம் தேய்த்ததுகூட அந்த வார்த்தையால்தான்.

"ஏன் ஏறுச்சு, ஏன் இறங்குச்சுன்னு யோசிக்கிறவன் தேற மாட்டான். கோட்டைப் பாரு, ஓட்டைய அடை" என்பார். பிள்ளைகள் அதைச் செல்போனில் பதிவு செய்துகொள்வார்கள்.

அந்த வருஷத்து மூன்றாவது பேட்ச்சில் இருபத்து நாலு பேர். அதில் ஒரு நர்ஸ் இருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளுக்காக ஆறு மாதம் இடம் ஒதுக்கி வைத்திருந்தது. ஒரு கப்பல் சமையல்காரர் இருந்தார். கடலில் பதினைந்து வருஷம் சமைத்தவர், இனி கரையில் சமைக்கலாம் என்று கிளம்பியவர். அப்புறம் எடைக்கார அக்கா. பக்கத்துத் தெருவில் பழைய இரும்பும் செம்பும் வாங்கி விற்கும் யார்டில் எடை போடுவதும் விலை சொல்வதும் அவள் வேலை. நாற்பது வயது. எரித்த கம்பியைக் கையில் எடுத்ததும் அது சுத்தச் செம்பா, முலாம் பூசியதா என்று சொல்லிவிடுவாள். பழைய உலோகத்தை உருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தரம் பிரிக்கும் வேலைக்கு அவளைக் கேட்டிருந்தது. கேட்ட கையோடு பரீட்சை மார்க்கையும் கேட்டிருந்தது.

விலை வரைபடம் நடத்துகிற நாள் வந்தது. மாஸ்டர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். செம்பு, நிக்கல், துத்தநாகம் என்று மூன்று கோடுகள். கீழே பன்னிரண்டு மாதம். பக்கவாட்டில் எண்கள். நடுவில் சைபர், அதற்கு மேலே மூன்று வரை, கீழே மைனஸ் மூன்று வரை. தாளின் தலையில் பொடி எழுத்தில் 'விலையில் மாதந்தோறும் ஏற்பட்ட மாற்றம், சதவீதத்தில்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. மாஸ்டர் தலைப்பைப் படிக்கிற வழக்கமில்லை. தலைப்பு அச்சில் வராது.

"செம்பு. ஜனவரியில ரெண்டு, ஜூன்ல அரை. என்ன ஆச்சு? விலை விழுந்துச்சு. எந்த வார்த்தை?" என்றார்.

"ஃபெல்" என்றது வகுப்பு.

எடைக்கார அக்கா கையைத் தூக்கினாள். "செம்பு இறங்கல மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்தார். கரும்பலகையில் அவர் வரைந்திருந்த கோட்டைத் தட்டிக் காட்டினார். "இது ஏறுதா இறங்குதா?"

"கோடு இறங்குது. விலை இறங்கல. ஜனவரியில வேகமா ஏறியிருக்கு. ஜூன்லயும் ஏறித்தான் இருக்கு, கொஞ்சமா. இது விலைக் கணக்கு இல்ல, எவ்வளவு மாறுச்சுங்கற கணக்கு. மேலயே போட்டிருக்கே."

"பரீட்சைக்கு உங்க கடை தெரியாதும்மா. கோடுதான் தெரியும்."

வகுப்பு சிரித்தது. எடைக்கார அக்கா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு நிக்கல் கோட்டில் விரலை வைத்தாள். "ஜூன்ல மைனஸ் மூணுன்னு இருக்கு. இதை விலைன்னு எழுதினா, நிக்கலையும் கொடுத்து மேல காசும் கொடுப்பாங்கன்னு அர்த்தம். அப்படி ஒரு கடை இருந்தா சொல்லுங்க மாஸ்டர், லாரியோட வர்றேன்."

இந்தத் தடவை வகுப்பு சிரித்தது வேறு பக்கத்துக்கு. மாஸ்டரின் காது மடல் சிவந்துபோனது. நல்லவேளையாகக் கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவர் எதையோ கத்திச் சொல்லிவிட்டு துத்தநாகத்துக்குத் தாவினார். துத்தநாகம் நல்ல பிள்ளையாக ஃப்ளக்சுவேட் ஆனது.

வகுப்பு முடிந்ததும் மனைவியிடம் வந்து பொருமினார். பழைய இரும்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறவள் தனக்கு வரைபடம் சொல்லித்தருகிறாளாம், இதெல்லாம் கலிகாலமாம். மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். தலைப்பை முதலில் படித்தாள். பிறகு கேட்டாள், "நம்ம பொண்ணு போன வருஷம் மூணு அங்குலம் வளர்ந்தா. இந்த வருஷம் ஒரு அங்குலம். குள்ளமாயிட்டாளா?"

மாஸ்டர் தாளைத் திருப்பி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை வருஷமாக இதே தாளை நடத்துகிறார். எத்தனை பேர் 'ஃபெல்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

மறுநாள் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்வதற்குத்தான் போனார். ஆனால் பெஞ்சுகளில் இருபத்து நாலு முகம், சுவரோரம் மாஸ்டர் எழுதிய கைடு நானூறு பிரதி, அதன் பதினெட்டாம் பக்கத்தில் செம்பு விலை விழுந்ததாக ஒரு மாதிரி விடை. மைனஸ் எண் வரைபடம் பரீட்சையில் எப்போதாவதுதான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை காலம் யாரும் குறை சொல்லவில்லையே என்றும் சொல்லிக்கொண்டார். தேறாதவர்கள் குறை சொல்லத் திரும்பி வருவதில்லை, நேராக வேறு மாஸ்டரிடம் போய்விடுகிறார்கள் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சாக்பீஸை எடுத்து வேறு பாடம் ஆரம்பித்தார்.

அந்த வாரம் வைத்த மாதிரித் தேர்வில் அதே உலோக வரைபடத்தையே கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று கேட்டால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது. இருபத்து மூன்று பேர் அச்சில் வார்த்திருந்தார்கள், ஏழு போட்டார். எடைக்கார அக்கா கட்டை கட்டையான ஆங்கிலத்தில், ஆனால் சரியாக எழுதியிருந்தாள். அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஐந்து போட்டார். ஓரத்தில் 'அச்சைப் பின்பற்றவில்லை' என்று சிவப்பில் எழுதினார். அவள் மார்க்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தாளை மடித்துப் பையில் வைத்தாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பரீட்சை அன்று மத்தியானம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முழு பேட்ச்சும் ஓடி வந்தது, கப்பல் சமையல்காரர் கையில் கேக் பெட்டி. நம்ம பாடமே வந்துவிட்டதாம். ரப்பர், சர்க்கரை, பருத்தி மூன்றுக்கும் மாதந்தோறும் விலை மாற்றம். நடுவில் சைபர், கீழே மைனஸ். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையை அடைத்தார்களாம். பக்கத்து ஹாலில் வேறு சென்டர் பிள்ளைகளெல்லாம் திருதிருவென்று முழித்தார்களாம்.

நர்ஸ் மாஸ்டரின் வாயில் கேக்கை ஊட்டினாள். "ரப்பர் ப்ளம்மெட்டட்னு போட்டேன் மாஸ்டர். நீங்க உட்கார்ந்து காட்டினது கண்ணு முன்னாடியே நின்னுது" என்றாள்.

மாஸ்டருக்குக் கேக் தொண்டையில் இறங்கவில்லை. இருமினார். ஆனந்தத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்து சமையல்காரர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எடைக்கார அக்கா கடைசியாகப் படியேறி வந்து கதவோரம் நின்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் மட்டும் கண்ணாலேயே கேட்டார். அவள் இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினாள். ரப்பரும் இறங்கவில்லை.

இரண்டு வாரத்தில் ரிசல்ட் வந்தது. எழுதும் பகுதியில் இருபத்து மூன்று பேரில் முக்கால்வாசிப் பேருக்கு ஐந்து, ஐந்தரை. ஒன்றிரண்டு பேருக்கு ஆறு. தேவையான மார்க் ஒருவருக்கும் இல்லை. எடைக்கார அக்காவுக்கு ஏழு.

போன் விடாமல் அடித்தது. மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒருவருக்குக் கையெழுத்து, ஒருவருக்குப் பதற்றம், ஒருவருக்குத் தாள் திருத்தியவருக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை. காரணமே யோசிக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னவருக்குக் காரணம் இப்படி மடைதிறந்த வெள்ளமாக வருவதைப் பார்த்து மனைவியே ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாஸ்டர் பேனர் அடித்தார். டயர் கடையின் ஷட்டரை மறைக்கிற அளவுக்குப் பெரிய பேனர், அதில் எடைக்கார அக்காவின் முகம். அட்மிஷன் படிவத்தில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் போட்டோவை அப்படியே பெரிதாக்கியதில், கன்னத்தின் குறுக்கே சென்டரின் ரப்பர் ஸ்டாம்ப் பாதி வட்டமாக விழுந்திருந்தது, நெற்றியில் பின் குத்திய இரண்டு துளைகள். கீழே கொட்டை எழுத்தில், 'மாஸ்டரின் அச்சில் வார்த்த வெற்றி'. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் எடைக்கார அக்கா வந்தாள், கூடவே நர்ஸ். நர்ஸுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பேனரைப் பற்றிப் பேசத்தான் அக்கா வந்திருக்கிறாள் என்று நினைத்து மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைமாணவி, பெருமை என்று ஆரம்பித்தார்.

"போட்டோ இருந்துட்டுப் போகுது மாஸ்டர்" என்றாள் அவள். "அதுல இருக்கறது நானான்னு எங்க யார்டுல இன்னும் பந்தயம் ஓடுது. நான் அதுக்கு வரல. இவங்கெல்லாம் அடுத்த மாசம் திரும்ப எழுதறாங்க. திரும்பவும் அதையே எழுதுவாங்க. எங்க தப்புன்னு நீங்க கூப்பிட்டுச் சொல்லணும்."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"சொன்னேன். மாஸ்டர் சொல்லட்டும், அப்பதான் நம்புவோம்னு சொல்றாங்க."

மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய அடி வேறு வேண்டியதில்லை. பார்க்கலாம், யோசிக்கலாம், எல்லோருக்கும் ஒத்துவருகிற நாளாகப் பார்த்து என்று மழுப்பினார். அவர் மழுப்பி முடிப்பதற்குள், அட்மிஷன் மேஜையில் மனைவி பேட்ச்சின் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஞாயிறு காலை பத்து மணி, எல்லோரும் வரவும், மாஸ்டர் முக்கியமான விஷயம் சொல்கிறார்' என்று தட்டி அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு அந்தப் பார்வையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை பூட்டியிருந்தது. மோட்டார் இல்லை. மாஸ்டருக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வரைபடத்தைப் பலகையில் வரைந்தார். முதல் தடவையாகத் தலைப்பையும் எழுதினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த மாதத்திலிருந்து பரீட்சையில் விதி மாறிவிட்டது, இனிமேல் மாற்றம் என்று தலைப்பில் இருந்தால் விலை என்று எழுதக் கூடாது என்றார்.

பெஞ்சுகள் தலையாட்டின. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தப்பித்தாயிற்று.

"விதி மாறுச்சா மாஸ்டர், இல்ல நீங்க தப்பா சொல்லிக்கொடுத்தீங்களா?"

நர்ஸ்தான். கோபமாகக் கேட்கவில்லை. ஊசி எந்தக் கையில் போடட்டும் என்று கேட்பதுபோல் கேட்டாள். மாஸ்டர் கதவுப் பக்கம் பார்த்தார், அங்கே மனைவி நின்றாள். கடைசி பெஞ்சைப் பார்த்தார், அங்கே எடைக்கார அக்கா. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"மாறல. நான்தான் தப்பா சொல்லிக்கொடுத்தேன்" என்றார். "தப்புன்னு தெரிஞ்ச பிறகும் சொல்லல."

இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் இடி விழுவதற்காகக் காத்திருந்தார். சட்டையைப் பிடிப்பார்கள், பெஞ்சை உடைப்பார்கள், போர்டைக் கழற்றுவார்கள் என்று நினைத்தார். நர்ஸ் நோட்டைத் திறந்து எதையோ கோடு போட்டு அடித்தாள். கப்பல் சமையல்காரர் எழுந்து நின்றார்.

"அதெல்லாம் போகட்டும் மாஸ்டர். ஆனது ஆயிடுச்சு. இப்ப என்ன போட்டா மார்க் வரும்? புது அச்சு கொடுங்க."

ஆமாம் மாஸ்டர், புது அச்சு, புது அச்சு என்று அறை முழுக்கக் குரல் கிளம்பியது. தப்புச் சொல்லிக்கொடுத்ததைவிடச் சொந்தமாக எழுதச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது. எடைக்கார அக்கா எழுந்து பலகைக்கு வந்தாள். யார்டில் தினமும் எழுதும் செம்பு விலையை ஒரு வாரத்துக்கு எழுதி, பக்கத்தில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தாலும் விலை ஏறிக்கொண்டே போவதைக் காட்டினாள். நர்ஸும் இன்னும் ஏழெட்டுப் பேரும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் புது அச்சில் மொத்தம் எத்தனை வாக்கியம் என்று மாஸ்டரைக் கேட்டார்கள்.

மாஸ்டரால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், தாங்க முடியாத அளவுக்கு அது இனித்தது. இரண்டே நாளில் பதினெட்டு வாக்கியத்தில் திருத்திய பதிப்பு தயார். 'விலை விழுந்தது' என்ற இடத்தில் 'விலை ஏறும் வேகம் விழுந்தது' வந்தது. மனைவி அதை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். கூடவே ஒரு ஹால் டிக்கெட்டையும் நீட்டினாள். அதில் மாஸ்டரின் போட்டோ இருந்தது.

"எனக்கு எதுக்கு?" என்றார்.

"புது அச்சு வேலை செய்யுதான்னு யாராவது பார்க்கணும்ல. பிள்ளைங்களை வச்சே எத்தனை தடவை பார்க்கறது?"

மறுத்தால் அந்த ஆறு மார்க்கைப் பற்றிப் பேச்சு வரும். மாஸ்டர் பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே எடைக்கார அக்கா விமானம் ஏறிவிட்டாள். போகும்போது படியேறி வந்து, மாதிரித் தேர்வில் தான் எழுதிய அந்தத் தாளை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாஸ்டர் அப்போது ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் பேப்பர் சிக்கியதை எடுத்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஒன்றும் சிக்கவில்லை.

பரீட்சை ஹாலில் அவருக்கு முன் வரிசையில் சமையல்காரர், இரண்டு வரிசை தள்ளி நர்ஸ். மாஸ்டரும் எழுதுகிறார் என்று பார்த்ததும் பிள்ளைகளுக்கு யானை பலம் வந்துவிட்டது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். வினாத்தாள் வந்தது. மாஸ்டர் திருப்பினார்.

கோடே இல்லை. மாதம் இல்லை, சதவீதம் இல்லை, சைபர்கூட இல்லை. செங்கல் எப்படிச் செய்கிறார்கள் என்று ஏழு படங்கள். ஒரு இயந்திரம் களிமண்ணைத் தோண்டுகிறது. சல்லடையில் விழுகிறது. மணலும் தண்ணீரும் சேர்கின்றன. அச்சில் போகிறது. காய்கிறது, சூளையில் வேகிறது, ஆற வைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். ஒரு சின்னக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

மாஸ்டரின் கை தன் பாட்டுக்கு 'இந்தக் கோட்டு வரைபடம்' என்று ஆங்கிலத்தில் எழுதியது. அழித்தார். மறுபடியும் எழுத உட்கார்ந்தார், மறுபடியும் அதுவே வந்தது. பதினெட்டு வாக்கியமும் வரிசையில் வந்து நின்று, ஓட்டையைக் காட்டிக்கொண்டு, எங்களை எடுத்துக்கொள் என்றன. அவற்றை விலக்கிவிட்டு உள்ளே ஒரு சொந்த வாக்கியத்தைத் தேடினார். எதிரே இருக்கிற படத்தைப் பார்த்து, இது மண்ணைத் தோண்டுகிறது என்று சொல்வதற்கு அவரிடம் ஒரு வாக்கியம் இல்லை. முன் வரிசையில் சமையல்காரரின் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நர்ஸ் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாக எழுத ஆரம்பித்தாள். மாஸ்டர் கடைசி ஐந்து நிமிஷத்தில் நாலு வரி எழுதினார். அவர் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய முதல் நாலு வரி. அதில் இரண்டில் பிழை இருந்தது.

வெளியே வந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். சமையல்காரர் முகம் பளபளவென்று இருந்தது. படம் கொஞ்சம் புதுசுதான், ஆனால் அச்சு தாங்கிவிட்டது என்றார். செங்கல் ஜனவரியில் மெதுவாக ஏறியது, சூளையில் ஸ்கைராக்கெட்டட், ஆற வைக்கும்போது ஏறும் வேகம் விழுந்தது என்று பதினெட்டு வாக்கியத்தின் ஓட்டைகளையும் அடைத்துவிட்டாராம்.

"எந்த மாசம் உச்சம்கறதுலதான் கொஞ்சம் குழப்பம். ஜூலைன்னு போட்டேன். நீங்க என்ன போட்டீங்க மாஸ்டர்?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். நர்ஸும் பார்த்தாள்.

"எனக்கு எழுதத் தெரியல" என்றார் மாஸ்டர்.

சமையல்காரர் சத்தமாகச் சிரித்தார், அவரைத் தொடர்ந்து மொத்தக் கூட்டமும் சிரித்தது. மாஸ்டருக்குத் தமாஷ் ஜாஸ்தி என்று ஒருவர் இன்னொருவர் தோளில் தட்டினார். நர்ஸ் சிரிக்கவில்லை. அவளுக்கு ஏழு வந்தது, மாஸ்டருக்கு ஐந்தரை. ஆனால் அதெல்லாம் இரண்டு வாரம் கழித்து. அன்றைக்கு அவர்கள் சிரித்துக்கொண்டே அவரை நடுவில் விட்டு நடந்தார்கள். மாஸ்டர் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாக, நிஜமாகவே தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதற்கு முதல் தடவையைவிடப் பெரிய சிரிப்பு.